கேட்டுப் பெற வேண்டிய உரிமை: கல்லூரிக்குப் போகும் பிள்ளையும் நான்கு தாள்களும்

2023–24 கல்வியாண்டில் அமெரிக்கக் கல்லூரிகளில் 3,31,602 இந்திய மாணவர்கள் பதிவு செய்திருந்தார்கள். அந்த ஆண்டு வேறு எந்த நாட்டிலிருந்தும் இவ்வளவு பேர் அங்கே படிக்கவில்லை. இவர்களில் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் கணிசமாக உண்டு. அங்கேயே குடியேறிய தமிழர்களின் பிள்ளைகள் இந்தக் கணக்கில் சேராதவர்கள். பிள்ளையை அனுப்பும் வீடு எத்தனையோ ஏற்பாடுகளைச் செய்கிறது: கல்விக் கடன், விசா நேர்காணல், தடுப்பூசிச் சான்று, குளிருக்கான உடை, குக்கர், மிளகாய்ப்பொடி வரை எல்லாவற்றுக்கும் பட்டியல் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு நாள் தன் வாயால் பேச முடியாத நிலையில் மருத்துவமனையில் கிடந்தால் யார் முடிவெடுப்பது, யாருக்குத் தகவல் சொல்வது என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இருப்பதில்லை. ‘நாங்கள்தானே பெற்றோர், இதில் கேள்வி என்ன?’ என்பதுதான் காரணம். இந்த எண்ணம் அமெரிக்கச் சட்டத்தின்முன் நிற்காது. நிற்காமல் போனதற்கு நல்ல காரணமும் உண்டு. பதினெட்டு வயதோடு பெற்றோரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பெற்றோருக்கு ஏதேனும் அதிகாரம் இருக்குமானால், அது பிள்ளை தன் விருப்பத்தால் எழுதிக் கொடுத்ததாகவே இருக்க முடியும். அப்படி எழுதிக் கொடுக்க வேண்டிய தாள்கள் நான்கு: தனக்காக முடிவெடுக்க ஒருவரை அமர்த்தும் மருத்துவப் பிரதிநிதி நியமனம், மருத்துவத் தகவல் சம்மதம், கல்லூரியின் தகவல் சம்மதம், பணம் சார்ந்த பவர். ஆகவே இந்த ஆவணங்களைப் பெற்றோர் ‘ஏற்பாடு செய்வது’ என்று பேசுவதே சற்றுப் பிழையானது. பெற்றோர் கேட்கலாம். கொடுப்பது பிள்ளை.

பதினெட்டு என்ற எல்லை ஏதோ ஓர் அலுவலகத்தின் கெடுபிடியாக வந்ததல்ல. அமெரிக்கக் கல்லூரிகள் நெடுங்காலம் பெற்றோரின் இடத்தில் நின்று மாணவரை ஆண்டன. கல்லூரியின் கட்டுப்பாட்டில் இல்லாத உணவகங்களுக்கு மாணவர் போகக்கூடாது என்று பெரியா கல்லூரி விதித்த தடையை, 1913-இல் கென்டக்கி மாநில நீதிமன்றம் இந்தக் கருத்தின் பேரில்தான் ஏற்றது. அந்த அதிகாரத்தை உடைத்தவர்கள் மாணவர்களே. 1960-இல் அலபாமா மாநிலக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறிய ஓர் உணவகத்தில் அமர்ந்து போராடினார்கள். எந்த விசாரணையும் இல்லாமல் அவர்களில் சிலர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அரசுக் கல்லூரி ஒன்று மாணவரிடம் குற்றச்சாட்டைச் சொல்லாமலும் அவர் தரப்பைக் கேட்காமலும் அவரை வெளியேற்ற முடியாது என்று அவர்கள் தொடுத்த டிக்சன் வழக்கில் 1961-இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாண்டு கழித்து, பதினெட்டு வயதில் வியட்நாம் போருக்கு அனுப்பப்படுகிறவனுக்கு வாக்குரிமை இல்லையா என்ற கேள்விக்குப் பதிலாக 1971-இல் 26-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. மாநிலங்களும் முழு வயதைப் பதினெட்டாகக் குறைத்தன. அலபாமாவிலும் நெப்ராஸ்காவிலும் அது 19, மிசிசிப்பியில் 21, மற்றபடி பதினெட்டுதான். இளையோர் போராடிப் பெற்ற உரிமை இது. அதன் மறுபக்கமாகவே பெற்றோரின் அதிகாரம் விலகியது. இந்த வரலாற்றை அறிந்தால், மருத்துவமனையின் முன்மேசையில் ‘உங்களிடம் சொல்ல இயலாது’ என்ற பதிலைக் கேட்கும்போது அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தோன்றாது.

இரண்டு கூட்டாட்சிச் சட்டங்கள் இந்த விலகலை அன்றாட நடைமுறை ஆக்கின. ஒன்று 1974-இல் வந்த, சுருக்கமாக ஃபெர்பா எனப்படும் கல்விப் பதிவுகள் சட்டம். மதிப்பெண், கட்டணக் கணக்கு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை பற்றிய உரிமைகள், பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மாறிவிடுகின்றன. பதினேழு வயதிலேயே கல்லூரியில் சேர்ந்தால் சேர்ந்த அன்றே மாறிவிடுகின்றன. மற்றொன்று 1996-இல் இயற்றப்பட்ட ஹிப்பா. அதன்கீழ் வந்த மருத்துவத் தகவல் அந்தரங்க விதிகள் 2003 முதல் நடைமுறையில் உள்ளன. இவற்றோடு 2010-இன் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தையும் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் வாழும் பெற்றோர் தங்கள் காப்பீட்டில் பிள்ளையை 26 வயது வரை சேர்த்துக்கொள்ள அந்தச் சட்டம் வழிசெய்தது. சந்தாவைக் கட்டும் வாய்ப்பு இருபத்தாறு வரை நீள்கிறது. என்ன நோய் என்று கேட்கும் உரிமை பதினெட்டில் நின்றுவிடுகிறது. பணம் கட்டுகிறவருக்கே உரிமை என்று பழகிய மனத்துக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் சிகிச்சை நடப்பது யாருடைய உடலிலோ அவருக்கே உரிமை என்பதில் பிழை காண்பது கடினம்.

இதெல்லாம் முதியவர்களின் கவலை, இருபது வயதுப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கலாம். இந்த ஆவணங்கள் பிறந்த கதையே அதற்குப் பதில். அமெரிக்காவில் மருத்துவப் பிரதிநிதி, சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் முன்விருப்ப ஆவணம் ஆகியவை பற்றிய சட்டத்தை வடித்த மூன்று பெரிய வழக்குகளும் இளம்பெண்களைப் பற்றியவை. 1975-இல் நியூ ஜெர்சியில் நினைவிழந்த கேரன் ஆன் குயின்லனுக்கு வயது 21. மூச்சுக் கருவியை அகற்றும் முடிவைத் தாமே எடுக்க அவருடைய தந்தை மாநில உச்ச நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. 1976-இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. 1983 ஜனவரியில் மிசௌரியில் கார் விபத்தில் சிக்கிய நான்சி குரூசனுக்கு வயது 25. குழாய்வழி உணவை நிறுத்தும்படி அவருடைய பெற்றோர் கேட்டார்கள். மகளே அப்படி விரும்பினாள் என்பதற்குத் தெளிவான, உறுதியான சான்று வேண்டும் என்றது மிசௌரி. அப்படிக் கேட்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று 1990 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்ற தாயும் தந்தையும் ஒருமித்து நின்றும் அவர்களுடைய சொல் மட்டும் போதவில்லை. 1990-இல் ஃபுளோரிடாவில் மயங்கி விழுந்த டெரி ஷியாவோவுக்கு வயது 26. கணவர் ஒருபுறமும் பெற்றோர் மறுபுறமுமாக 2005 வரை வழக்காடினார்கள். ஆளுநரும் நாடாளுமன்றமும்கூடத் தலையிட்டார்கள். மூவரிடமும் எழுத்தில் ஒரு வரி இல்லை. குரூசன் வழக்கில் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் தனியே எழுதிய கருத்துரை ஒரு வழியைக் காட்டியது: எழுத்தில் அறிவுரை விட்டுச்செல்பவர்கள் மிகச் சிலரே; ஆகவே தனக்காக முடிவெடுக்க ஒருவரை முன்னதாகவே நியமித்துவைப்பது நல்ல பாதுகாப்பு என்பது அதன் சாரம். அதே 1990-இல் இயற்றப்பட்ட நோயாளி தன்முடிவுச் சட்டம், அரசு மருத்துவத் திட்டங்களின் பணத்தைப் பெறும் மருத்துவமனைகள் முழு வயதடைந்த ஒவ்வொரு உள்நோயாளிக்கும் இந்த உரிமையை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கட்டளையிட்டது. அமெரிக்காவில் ஒரு வயது முதல் 44 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதற்காரணம் எதிர்பாராத விபத்துகளே என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். வயது முதிர்ந்தால் நோய் வரும் வழி ஓரளவு தெரியும். இளமையில் வருவது முன்னறிவிப்பின்றி வருகிறது.

இனி, என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானதை எடுத்துக்கொள்கிறேன். ஹிப்பா பெற்றோரிடம் பேசவே கூடாது என்று மருத்துவரைத் தடுக்கவில்லை. நோயாளி மறுக்காவிட்டால் பேசலாம். நோயாளி நினைவின்றி இருந்தால், அவருடைய நலனுக்கு உகந்தது என்று மருத்துவர் கருதினால், பராமரிப்பில் பங்குள்ள குடும்பத்தாரிடம் தேவையான அளவு சொல்லலாம். பெரும்பாலான மாநிலங்களில், பிரதிநிதியை நியமிக்காதவருக்கு யார் முடிவெடுப்பது என்ற வரிசையும் சட்டத்திலேயே உண்டு: வாழ்க்கைத் துணை, வயதுவந்த பிள்ளைகள், பிறகு பெற்றோர். மணமாகாத மாணவருக்குப் பெற்றோரே முதலில் வருவார்கள். அப்படியானால் தாள்கள் எதற்கு? இந்த ஆட்சேபத்தின் முதற்பாதி முழு உண்மை. ‘தாள் இல்லாவிட்டால் ஐசியு வாசலில் நிறுத்திவிடுவார்கள்’ என்று அச்சுறுத்திப் பத்திரம் எழுதிக் கொடுப்போர் உண்டு. அவர்கள் சொல்வது மிகை. ஆனால் சட்டம் மருத்துவருக்குக் கொடுத்திருப்பது ‘சொல்லலாம்’ என்ற அனுமதி. ‘சொல்லியாக வேண்டும்’ என்ற கடமை அல்ல. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பெற்றோர் மாட்டிக்கொள்கிறார்கள். சென்னையிலிருந்து தொலைபேசியில் பேசும் குரல் உண்மையில் தாயுடையதுதானா என்று இரவுப் பணியிலிருக்கும் செவிலியருக்குத் தெரியாது. தவறாகச் சொல்லிவிட்டால் பழி அவர்மேல் விழும். சொல்லாமல் இருந்தால் பழியில்லை. சட்டம் தாராளமாக இருந்தாலும் நடைமுறை கஞ்சத்தனமாகிவிடுகிறது. மாநில வரிசையும் எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. நியூயார்க் போன்ற பெரிய மாநிலத்திலேயே, நியமனம் இல்லாத நோயாளிக்காகக் குடும்பத்தார் முடிவெடுக்கும் முறையான சட்டம் 2010-இல்தான் வந்தது. தாயும் தந்தையும் பிரிந்து வாழ்ந்து, ஆளுக்கொன்று சொன்னால் அந்த வரிசை திணறும். மாணவர் மணமானவராக இருந்தால் பெற்றோர் பின்னுக்குப் போவார்கள். நியமனப் பத்திரம் இவை எல்லாவற்றையும் ஒரே பெயரில் முடித்துவைக்கிறது. நினைவிழந்த நிலையில் நியமனம் செயலுக்கு வந்ததும், அந்தப் பிரதிநிதியை நோயாளியின் இடத்தில் வைத்து நடத்த ஹிப்பா மருத்துவமனையைக் கட்டாயப்படுத்துகிறது. அனுமதி கடமையாக மாறும் இடம் அது.

கல்லூரி வளாகத்துக்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வளாக மருத்துவ மையம் மாணவரைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகள் பெரும்பாலும் ஹிப்பாவின்கீழ் வருவதில்லை, ஃபெர்பாவின்கீழ் வருகின்றன. கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் 2008-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாக்கியது. ஆகவே ஹிப்பா சம்மதப் படிவம் ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொண்டவர், வளாக மையத்தின் வாசலில் அது போதாது என்று அறிவார். அதற்குக் கல்லூரியின் சொந்தப் படிவம் வேண்டும். 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றதை ஆராய்ந்த குழு, அந்தரங்கச் சட்டங்களைத் தவறாகப் புரிந்துகொண்டதால் தெரிந்த தகவல்கள்கூட உரியவர்களைச் சேரவில்லை என்று கண்டது. மறு ஆண்டே ஃபெர்பா விதிகள் திருத்தப்பட்டு, உயிராபத்து நேரும்போது பெற்றோரிடம் சொல்லக் கல்லூரிகளுக்குக் கூடுதல் இடம் தரப்பட்டது. அதுவும் ‘சொல்லலாம்’ வகையைச் சேர்ந்ததே. இன்னொரு விதிவிலக்கு, வருமான வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்தவராகக் காட்டப்படும் மாணவரைப் பற்றியது. அவருடைய பெற்றோரிடம் கல்லூரி சம்மதமின்றியே பேசலாம். ஆனால் அந்தச் சார்பு அமெரிக்க வரிச் சட்டத்தின்படி அளக்கப்படுகிறது. மதுரையிலோ திருச்சியிலோ வாழ்ந்து இந்தியாவில் வரி கட்டும் பெற்றோருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. நியூ ஜெர்சியில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்குக் கிடைக்கும் வசதிகூடக் கடல் கடந்திருப்பவருக்கு இல்லை. தொலைவு கூடக் கூட, எழுத்தில் வாங்கிய சம்மதத்தின் தேவையும் கூடுகிறது.

பணம் சார்ந்த ஆவணத்துக்கு வருகிறேன். ‘பவர்’ எழுதிக் கொடுப்பது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. வெளிநாட்டில் இருக்கும் மகன் ஊரிலுள்ள நிலத்துக்குத் தந்தை பெயரில் பவர் கொடுப்பது வழக்கம்தான். அந்தப் பழக்கத்தால் ஒரு தவறான நம்பிக்கையும் வந்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ முகவரின் அதிகாரம் முடிந்துவிடும். எப்போது மிகவும் தேவையோ அப்போது அது செல்லாமல் போகிறது. அமெரிக்க மாநிலங்களின் சட்டம், கொடுத்தவர் நினைவிழந்த பிறகும் நிலைத்திருக்கும் பவரை ஏற்கிறது. இதுதான் அங்கே மாணவருக்கு வேண்டியது: வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, காப்பீட்டுக் கோரிக்கை, கட்டணத்தைத் திரும்பப் பெறுதல் போன்றவற்றை அவர் படுத்திருக்கும் மாதங்களில் இன்னொருவர் கவனிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் காப்பாளர் நியமனம் கேட்க வேண்டும். காலமும் செலவும் பிடிக்கும். என்றாலும் நான்கு தாள்களில் இதை நான் கடைசியில்தான் வைப்பேன். பிறருடைய பணத்தின்மேல் முழு அதிகாரம் தரும் தாள் எவர் கையில் இருந்தாலும் ஆபத்து உண்டு. குறிப்பிட்ட கணக்குகளுக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும் என்பது என் கருத்து.

மற்ற மூன்றும் எளியவை: மருத்துவப் பிரதிநிதி நியமனம், மருத்துவத் தகவல் சம்மதம், கல்லூரியின் தகவல் சம்மதம். நியமனப் படிவம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேறு. பல மாநில அரசுகள் அதை இலவசமாகவே தருகின்றன. நியூயார்க்கில் வயதுவந்த சாட்சிகள் இருவர் போதும். பிரதிநிதியாக நியமிக்கப்படுபவர் சாட்சியாக இருக்க முடியாது. சில மாநிலங்களில் நோட்டரி கையெழுத்து கேட்பார்கள். பெற்றோர் வீடு ஒரு மாநிலத்திலும் கல்லூரி இன்னொரு மாநிலத்திலும் இருந்தால், கல்லூரி உள்ள மாநிலத்தின் படிவத்தையும் நிரப்புவது நல்லது. வெளி மாநிலப் பத்திரம் பெரும்பாலும் செல்லும் என்றாலும், பழகிய படிவத்தை மருத்துவமனை தயங்காமல் ஏற்கும். இந்தியாவிலிருந்து போகும் மாணவர் அங்கே சேர்ந்த முதல் வாரங்களில் எழுதுவதே வசதி. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. யாரை நியமிப்பது என்பதில்தான் சிந்தனை வேண்டும். நியூயார்க்குக்கும் சென்னைக்கும் கோடையிலேயே ஒன்பதரை மணி நேர வேறுபாடு. அங்கே நள்ளிரவுக்குப் பின் அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் வேண்டுமென்றால், இங்கே அலுவலகத்தில் இருக்கும் தந்தையின் கைபேசி எடுக்கப்பட வேண்டும். மருத்துவரின் வேகமான ஆங்கிலம் புரிய வேண்டும். அந்த ஊரின் சிகிச்சை முறை தெரிந்திருக்க வேண்டும். அருகில் வாழும் சித்தப்பாவையோ நம்பிக்கையான தோழியையோ முதல் பிரதிநிதியாகவும், பெற்றோரை மாற்றுப் பிரதிநிதியாகவும் எழுதுவது பல குடும்பங்களுக்குப் பொருந்தும். தகவல் பெறும் பெயர்களில் தாய் தந்தை இருவரும் இருக்கட்டும். முடிவெடுக்கும் பெயர் ஒன்றாக இருப்பது நல்லது.

இங்கேதான் இளையோர் தரப்பிலிருந்து வரும் ஆட்சேபம் எழுகிறது. இது பெற்றோரின் கண்காணிப்புக்குச் சட்ட முகமூடி அல்லவா? பிள்ளை யாரைக் காதலிக்கிறாள், எந்த மருந்து எடுக்கிறாள், மனநல ஆலோசகரிடம் என்ன சொன்னாள் என்பதையெல்லாம் தோண்டிப் பார்க்க இது வழியாகாதா? ஆகும், பிள்ளை விரும்பாததையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கினால் நிச்சயமாக ஆகும். ஆகவேதான் ஆவணம் பிள்ளையினுடையது என்று தொடக்கத்திலேயே சொன்னேன். சம்மதப் படிவத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று வரையறுக்க முடியும். பாலுறவு, மனநலம், போதைப்பொருள் சார்ந்த பதிவுகளை விலக்கி வைக்கலாம். மதிப்பெண் பார்க்க அனுமதிக்காமல், அவசரத்தில் தகவல் சொல்ல மட்டும் அனுமதிக்கலாம். நியமனத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். பெற்றோரிடம் சொல்ல முடியாத வாழ்க்கைத் துணை இருக்கிற பிள்ளைக்கு, அந்தத் துணையின் பெயரை எழுதும் உரிமையும் உண்டு. எழுதாவிட்டால் பல மாநிலங்களின் சட்ட வரிசையில் அவர் பெற்றோருக்குப் பின்னே நிற்பார், அல்லது இடமே பெறமாட்டார். பிள்ளை வேறொருவரை நியமித்தால் பெற்றோர் ஏற்கத்தான் வேண்டும். அதை ஏற்க முடியாதவர்கள் கேட்காமல் இருப்பதே மேல். மனநலத் தகவலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாழ்நாளில் வரும் மனநோய்களில் நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று 2005-இல் வெளியான ஓர் அமெரிக்கத் தேசிய ஆய்வு காட்டியது. கல்லூரிக் காலம் பெரும்பாலும் அந்த வயதுக்குள் அடங்குகிறது. மனம் தெளிவாக இருக்கும்போது, ‘எனக்கு இப்படி ஆனால் இவரிடம் சொல்லுங்கள், இந்த மருந்து வேண்டாம்’ என்று எழுதிவைப்பது அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் காவல். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் வயதுவந்த ஒவ்வொருவருக்கும் முன்விருப்பம் எழுதவும் பிரதிநிதியை நியமிக்கவும் இதே உரிமையைத் தருகிறது. உள்ளூரிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்பதை நம்மில் பலர் அறியவில்லை.

கடைசியாக ஒரு தடை. அது சட்டம் சார்ந்ததல்ல. நல்ல காரியத்துக்குப் புறப்படும் நேரத்தில் நினைவிழப்பையும் விபத்தையும் பேசுவதா என்று தாய்மார்கள் வாயை மூடச் சொல்வார்கள். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். அது அன்பிலிருந்து வருவது. ஆனால் பயணக் காப்பீடு எடுக்கும்போது இதே ஆபத்துகளைத்தான் வரிவரியாகப் படித்துக் கையெழுத்திடுகிறோம். அதைவிட முக்கியம், இந்தப் பேச்சு நடந்தால் வீட்டில் வேறொன்றும் நடக்கிறது. ‘உனக்கு ஒன்று என்றால் நீ எதை விரும்புவாய்?’ என்று பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் முதன்முறையாகக் கேட்கிறோம், பதிலைக் கேட்டுக்கொள்கிறோம். பிரதிநிதியின் கையில் தாள் மட்டும் இருந்து, பிள்ளையின் விருப்பம் தெரியாமல் இருந்தால் பாதிப் பயன்தான். பெற்றோரும் தங்களுக்கான நியமனத்தை அதே மேசையில் எழுதலாம். அப்போது அது பிள்ளையின்மேல் மட்டும் சுமத்தும் சந்தேகமாக இராது. பெற்றோரில் யாருக்கேனும் நோய் வந்தால், கடலுக்கு அப்பால் இருக்கும் அந்தப் பிள்ளைதான் முதலில் அழைக்கப்படுவார் என்பதையும் மறக்க வேண்டாம். இந்தியாவிலும் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று, 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது. இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியும் போதும்.

இந்த ஆண்டு பிள்ளையை அனுப்பும் குடும்பங்களிடம் என் வேண்டுகோள் இது. விமானம் ஏறுவதற்கு முன் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். படிவத்தை நீங்கள் நிரப்பிவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் நீட்டாதீர்கள். பிள்ளையே படித்து, பெயரை எழுதி, வேண்டாததை அடிக்கட்டும். கல்லூரியில் சேர்ந்ததும் கையெழுத்தாகும் தாள்களின் நகல் பிரதிநிதியிடமும், பிள்ளையின் கைபேசியிலும், வளாக மருத்துவ மையத்திலும் இருக்க வேண்டும். மாநிலம் மாறினாலோ திருமணம் ஆனாலோ மீண்டும் எழுதச் சொல்லுங்கள். ‘வேண்டாம், நான் வேறொருவர் பெயரை எழுதுகிறேன்’ என்று பிள்ளை சொன்னால், ஏன் என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அந்தப் பெயரையே எழுத விடுங்கள்.